விளையாட்டு ஞாயிறன்று நீ என் கையில் கொடுத்த மைக்

இன்று காலை கடையைத் திறந்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி ஒரு புது ஜெர்சியின் மேல் வைத்தேன். அந்தப் பளபளப்புத் துணியில் சூடு ஏறும்போது ஒரு வாசனை வரும், உனக்குத் தெரியும். பாதி பிளாஸ்டிக், பாதி கஞ்சி. அனந்தபுரம் கபடிக் குழுவுக்குத் தைத்தது. வாசனை மூக்கில் ஏறியதும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் நீ ஜெர்சிகளின் முதுகில் எண்களை ஒட்டினாய். ஆறையும் ஒன்பதையும் தலைகீழாக ஒட்டிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதாண்டி, குனிஞ்சா மாறிடும்" என்று சிரித்தாய். உன்னிடம் இன்று பேச வேண்டும் போலிருக்கிறது. கேள்.

செஞ்சி மார்க்கெட்டில் உன் குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. நீ தக்காளி விற்ற இடத்துக்கும் என் தையல் கடைக்கும் இடையே மூன்று தெரு. ஆனாலும் காலையில் நீ கூவுவது என் மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். என் கதை அதற்கு நேர் எதிர். சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். வகுப்பில் வாசிக்கச் சொன்னால் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவேன். மற்றவர்கள் சிரிக்கத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிடாதா என்று வேண்டிக்கொண்டு நிற்பேன்.

ஏழாவது படிக்கும்போது பி.டி. டீச்சர் கபடிக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் கோட்டுக்குள் தள்ளிவிட்டார். கபடி கபடி என்று பாடிக்கொண்டே போய் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். எல்லோரும் பாயிண்ட் கிடைத்ததற்குக் கத்தினார்கள். நீ மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"அடியே, நீ ஒரு வாட்டிகூட திக்கலியேடி!"

எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. ஒரு தாளம் இருந்தால் என் வாய் தடுமாறாமல் நடக்கும் என்று முதலில் கண்டுபிடித்தவள் நீதான். அதற்கப்புறம் நான் வாசிக்க எழுந்தால் பெஞ்சில் விரலால் தட்டிக்கொடுப்பாய். டீச்சர் உன்னை முறைப்பார். நீ தட்டுவதை நிறுத்த மாட்டாய்.

விளையாட்டு ஞாயிறு உன் யோசனை. நம் கோயிலுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில்தான் நம் சபைப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். பிரசங்கத்தின் நடுவே "அவுட்டு" என்று கத்துவது உள்ளே கேட்கும். சபைக் கமிட்டியில் இது பேச்சாக வரும்போதெல்லாம் மைதானத்தின் கேட்டைப் பூட்ட வேண்டும் என்பார்கள். நீ ஒருநாள் எழுந்து, "அவங்கள உள்ள வா, உள்ள வான்னு கூப்ட்டுக்கினே இருக்கறோம். ஒரு நாளு நாம அவங்க ஆட்டத்துக்குள்ள போனா இன்னா?" என்று கேட்டாய். ஜெர்சி போட்டு, விசில் ஊதி, பந்தயம் போல ஓர் ஆராதனை. பாஸ்டர் ஐயாவுக்குக் கேட்டதுமே பிடித்துவிட்டது. செயலாளர் ஐயாதான் மேசையைத் தட்டினார். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டிய வயது, முழங்கால் வலி, கையில் கம்பு.

"ஆராதனைல விசிலா? கோயில் இன்னா மைதானமாம்மா?"

நீ சண்டைக்குப் போவாய் என்று பயந்தேன். நீ அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"ஐயா, நீங்க வயசுல இன்னா வெளாண்டீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிலே ஓடனேன். கடைசி ஓட்டம் எப்பவும் என்னுதுதான்."

"அப்ப இதுலயும் கடைசி ஓட்டம் உங்களுதுதான் ஐயா."

அந்த இடத்திலேயே நீ திட்டத்தை மாற்றினாய். பலிபீடத்தில் வைத்து வாசிக்கும் பெரிய வேதாகமத்தை வாசலிலிருந்து எட்டுப் பேர் கைமாற்றிக்கொண்டு வர வேண்டும், எட்டாவது ஆள் செயலாளர் ஐயா. பக்கத்தில் ஒரு வர்ணனை, ரேடியோவில் மேட்ச் சொல்வார்களே, அது போல. உன் குரல் இருக்கும்போது வர்ணனைக்கு வேறு ஆளே தேவையில்லை என்று எல்லோரும் நினைத்தோம்.

அப்போதே உனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மார்க்கெட்டில் கத்திக் கத்தி வந்தது என்று நீ சொல்ல, நானும் நம்பினேன். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, கட்டி என்றார்கள். ஆபரேஷன் வரை ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்றார்கள். விளையாட்டு ஞாயிற்றுக்கு ஐந்து நாள்தான் இருந்தது. கடைக்கு வந்து, பை தைக்கும் துணியின் மேல் சாக்குக்கட்டியால் எழுதினாய்: நீ பேசு.

"எ... எ... என்னால முடியாதுடி."

எழுதியதை அழித்துவிட்டு மறுபடியும் அதையே எழுதினாய்.

சனிக்கிழமை மதியம் ஒத்திகை. பாடகர் குழுவுக்குப் பின்னால், பாஸ்டர் ஐயா அங்கி மாட்டும் சின்ன அறை வாசலில் ஒரு பச்சைத் திரை கட்டினோம். அதன் பின்னால் நின்று பேசுவது யாரென்று வெளியே தெரியாது. அதற்காகவே ஒத்துக்கொண்டேன். வர்ணனை முழுவதையும் நீ நோட்டுத்தாளில் எழுதி வைத்திருந்தாய். என் தோளில் விரலால் தட்டினாய், நான் வாசித்தேன். ஓரிடத்திலும் நிற்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் பெண் எட்டிப் பார்த்து, "யார்க்கா பேசனது? பண்பலைல வர்ற மாரியே இருக்குது" என்றாள். நீ என்னைக் கைகாட்ட வந்தாய். உன் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். நடுவழியில் வெள்ளை டேப் ஒட்டி ஓட்டப்பந்தயக் கோடுகள் போட்டிருந்தோம். ஜன்னலுக்கு ஜன்னல் கொடி. பாட்டுக்கு டிரம் அடித்த அடியில் ராஜகிரி மலையே எதிரொலித்திருக்கும். மைதானத்துப் பிள்ளைகள் செம்மண் காலோடு வந்து பின் பெஞ்சுகளை நிரப்பினார்கள். பாஸ்டர் ஐயா விசில் ஊதி ஆராதனையைத் தொடங்கினார். ஊதிவிட்டுக் கையை உயர்த்தியபோது ஜெர்சி அக்குளில் கிழிந்தது! அளவெடுத்தது நான்தான், குற்றம் என்னுடையதுதான். அடுத்த பாட்டு முடிவதற்குள் அவரைத் திரைக்குப் பின்னால் இழுத்து, நீ கையைத் தூக்கிப் பிடிக்க, அவர் மேலேயே வைத்து நான் தைத்தேன். "ஊசி பாத்தும்மா" என்று அவர் கெஞ்சினார். நீ சத்தம் வராமல் குலுங்கிச் சிரித்தாய்.

அப்புறம் ரிலே. வாசலில் நர்ஸ் அக்கா வேதாகமத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். திரையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றோம். நீ தட்டினாய், நான் தொடங்கினேன். முதல் ஓட்டம் புறப்பட்டுவிட்டது, நர்ஸ் அக்கா கையிலிருந்து ஆட்டோக்கார அண்ணன் கைக்கு, நழுவவில்லை, நழுவவே இல்லை. சபை முழுவதும் கை தட்டியது. பின் பெஞ்சில் விசில் பறந்தது. ஏழாவது கையிலிருந்து செயலாளர் ஐயா வாங்கினார். கம்பைப் பெஞ்சில் சாய்த்துவிட்டுத்தான் வாங்கினார், பிடிவாதக்காரர். நான்கு அடி நடந்தார். நடுவழியில் நின்றுவிட்டார்.

முழங்கால் மடங்கிக்கொள்ளப் பார்த்தது. பக்கத்துப் பெஞ்சிலிருந்து ஓர் ஆள் எழுந்து வேதாகமத்தை வாங்க வந்தார். ஐயா கொடுக்கவில்லை, மார்போடு அணைத்துக்கொண்டார். டிரம் நின்றது. கைதட்டல் நின்றது. யாரோ "உக்காருங்கய்யா" என்றார்கள். என் கையிலிருந்த தாளில் அடுத்த வரி, அவர் பலிபீடத்தை அடைந்துவிட்டார் என்றிருந்தது. அதை எப்படி வாசிப்பது?

உன்னைப் பார்த்தேன். நீ தாளை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். என் தோளிலிருந்த விரலையும் எடுத்துவிட்டாய். மைக்கை மட்டும் இன்னும் கொஞ்சம் என் வாய்க்கு அருகே தள்ளினாய்.

"ந... ந... ந... நம்ம ஐயா..." என்றேன். கோயில் முழுவதும் கேட்டது. ஒலிபெருக்கியில் என் திக்கல் எனக்கே திரும்பி வந்து அடித்தது. முன் பெஞ்சில் ஒரு அம்மா, "நம்ம டெய்லர்டி!" என்றது காதில் விழுந்தது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். நீ அசையவில்லை. உன் முகத்தில் பதற்றமே இல்லை. மிச்சத்தைக் கேட்கக் காத்திருப்பவள் போல நின்றாய்.

"நம்ம ஐயா கொ... கொஞ்சம் மூச்சு வாங்கறாரு. யா... யாரும் அவசரப்படுத்தாதீங்க. அவரு வ... வ... வருவாரு. நாம இருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. செயலாளர் ஐயா திரைப் பக்கம் திரும்பினார், தலையை ஆட்டினார், ஒரு அடி வைத்தார். அப்புறம் இன்னொன்று. பின் பெஞ்சுப் பிள்ளைகள் அவர் வைத்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கைதட்டல் கொடுத்தார்கள். அவர் வேதாகமத்தைப் பலிபீடத்தில் வைத்தபோது கோயிலே எழுந்து நின்றது. திரைக்குப் பின்னால் நீ என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மறந்து, காற்று மாதிரி ஒரு சொல் சொன்னாய்: "பாயிண்ட்டுடி."

ஆராதனை முடிந்ததும் செயலாளர் ஐயா கம்போடு நேராகத் திரைக்குத்தான் வந்தார். "அடுத்த வருசமும் நீயே சொல்லும்மா. உனுக்கும் எனுக்கும் ஓட்டம் ஒத்துப் போவுது" என்றார்.

உன் ஆபரேஷன் நடந்தது. குரல் திரும்பவில்லை. பத்து மாதம் இருந்தாய். கடைசிவரை என் கடையில் உட்கார்ந்து சாக்குக்கட்டியால் துணியில் எழுதிக்கொண்டே என்னோடு சண்டை போட்டாய். உன் அடக்க ஆராதனையில், இந்தச் சகோதரியைப் பற்றி யாராவது பேசுகிறீர்களா என்று பாஸ்டர் ஐயா கேட்டபோது நான் எழுந்தேன். அன்று திரை இல்லை. தோளில் யாருடைய விரலும் இல்லை. உன் கபடி, உன் தக்காளிக் கூடை, நீ கேட்டைப் பூட்ட விடாதது எல்லாம் சொன்னேன். மற்றவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிப்பது எனக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவரும் எழுந்து போகவில்லை. மார்க்கெட்டிலிருந்து வந்திருந்த பாய், வெங்காயக்கடைக்காரர், வெளியே என்னிடம், "இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் தங்கச்சி" என்றார்.

இப்போது பிள்ளைகள் ஞாயிறு காலை ஆராதனை முடிந்த பிறகுதான் மட்டையை எடுக்கிறார்கள். எல்லோரும் என்று சொல்ல மாட்டேன், முக்கால்வாசிப் பேர். போன வருடமும் விளையாட்டு ஞாயிறு நடந்தது. திரைக்குப் பின்னால் வேலை எக்கச்சக்கம், அங்கேதான் நின்றேன். வர்ணனை சொல்லும்போது மட்டும் வெளியே வந்து நின்று சொன்னேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்ல வேண்டும். கடைக்குப் போன் வந்தால் முன்பெல்லாம் எடுக்க மாட்டேன், பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். இப்போது நானே எடுக்கிறேன். அவலூர்பேட்டையிலிருந்து யாரோ ஒரு புது ஆள், "யாரு பேசறது?" என்று கேட்பார். திக்குபவர்களுக்கு உலகத்திலேயே கடினமான சொல் சொந்தப் பெயர்தான். முதல் எழுத்து வரும், நிற்கும், மறுபடியும் வரும். அந்தப் பக்கம் "ஹலோ, ஹலோ" என்பார்கள். நான் போனை வைப்பதில்லை. என் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கிறேன். அதற்கப்புறம்தான் என்ன தைக்க வேண்டும் என்று கேட்கிறேன்.