சூட்டறையில் வைத்த ஒயின்

மாப்ளே,

நேற்று என் மருமகன் சிவப்பு ஒயின் பாட்டில் ஒன்றைத் திறந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே உன் மேல் பழைய எரிச்சல் வந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதம்கூட ஆகவில்லை, வந்திருக்கக் கூடாதுதான். வந்துவிட்டது.

குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டம் இருந்தது எனக்கு. உனக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் பாண்டிச்சேரியில் பெண் எடுத்து, மச்சினன் தயவில் பிரான்சுக்குப் போய், பேர்பெற்ற ஒரு குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தில் ஆறு வருடம் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் கடைசியில் நீ வந்து இறங்கியபோது போடி ஊரே உன்னைச் சுற்றி உட்கார்ந்தது. "தலைமுறை தலைமுறையா அவுகளுக்கு ஒயின்தான் சோலி. ஓனரே கத்தரிக்கோலோட வந்து குலை வெட்டுவாரு" என்பாய். என் அப்பா அதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீயுந்தான் தோட்டம் வச்சிருக்க. ஜீப்ப விட்டு எறங்குறியாடா?" அத்தனை பேர் முன்னால். எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

ஊருக்குக் கிளம்பும்போது அந்த முதலாளி உனக்கு ஒரு பாட்டில் கொடுத்திருந்தார், லேபிளில் அவர்கள் மாளிகையின் படத்தோடு. மதுவிலக்குக் காலம். வீட்டில் வைக்கப் பயந்து என்னிடம் தந்தாய். "அஞ்சு வருசம் பொறுத்தா ருசி கூடும் மாப்ளே. குளிர்ச்சியா, இருட்டா வையி. சூடு மட்டும் ஆகாது." நான் அதை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்குள், சூட்டுக்குழாய் ஓரமாக வைத்தேன்.

ஐந்து வருடம் கழித்துத் தோட்டத்துக்கே கூட்டாளிகளை அழைத்துவந்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினாய். சிலமலையிலிருந்து வந்திருந்த ஒருவர் வாயில் வைத்ததும் துப்பினார். "என்னப்பா, புளிச்ச காடித் தண்ணிக்கா இம்புட்டுப் பெருமை?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ மட்டும் உன் டம்ளரைக் குடித்து முடித்தாய். அதற்குப் பிறகு அந்தப் பிரான்சுத் தோட்டத்தைப் பற்றி நீ யாரிடமும் பேசவில்லை. பேச்சை எடுத்தாலே "காடி" என்று சிரிப்பார்கள்.

அன்று மலை இறங்கும்போது என் தோளில் கை போட்டாய். "ஸ்டோருக்குள்ள வச்சிட்டியாக்கும்? விடு மாப்ளே. நமக்கு நல்ல பொருள்னா சூட்டுல வச்சுத்தான பழக்கம். தெரியாமச் செஞ்சதுக்கு என்ன பண்ண?"

நான் தலையாட்டினேன். இத்தனை வருடமாக அந்தத் தலையாட்டலைத்தான் சுமந்துகொண்டிருக்கிறேன். ஒருவனை அப்படி நம்பிவிடும் மனசு உனக்கு வாய்த்திருந்தது. அதன் மேலும் எனக்குப் பொறாமைதான்.

சூடு ஆகாது என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை மாப்ளே. அதனால்தான் அங்கே வைத்தேன்.