நீ பேசாமல் போன சைப்ரஸ் உரை

என் செல்ல வாசுகி அக்கா,

அப்பாடா, பேசி முடித்துவிட்டேன்! உன் ஊர் சுகர் லேண்ட் நூலகத்தில் நீ பேச ஒப்புக்கொண்டிருந்த உரையை நேற்று உனக்குப் பதிலாக நான் பேசினேன். துருக்கிய உதுமானியப் பேரரசின் கீழ் சைப்ரஸ் தீவு இருந்த முந்நூறு ஆண்டுகளைப் பற்றி, வரலாறே படிக்காத நான்! உனக்குச் சிரிப்பு வருகிறதா?

எனக்குப் பயம் வேறு இடத்தில். உன் தெருவில் இருக்கும் இரண்டு சைப்ரஸ்காரர்களும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆண்ட்ரியாஸ் அங்கிள் கிரேக்கர், எமினே ஆன்ட்டி துருக்கியர். இருவரும் உனக்கு நண்பர்கள். ஆனால் தீவு கிரேக்கப் பக்கம், துருக்கியப் பக்கம் என்று இரண்டாகப் பிளந்துகிடப்பதால், ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். துருக்கிய ஆளுநர் கிறித்தவப் பேராயரைத் தூக்கிலிட்ட கதையை அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது?

"அதை மட்டும் விட்டுடட்டுமா?" என்று போகும் வழியில் உன் மகள் நிலாவிடம் கேட்டேன்.

"ஸ்கிப் பண்ணாதீங்க சித்தி. அம்மா வுட் ஹேட் தட்," என்றாள், ஃப்ரீவேயிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொன்னேன் அக்கா. தூக்கையும் சொன்னேன், வரி தாங்காமல் கிறித்தவர்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே ஆளுநர் மாளிகைக்குள் புகுந்ததையும் சொன்னேன். உனக்குப் பிடித்த 'லினன்-பருத்தி' மக்களைக் கடைசியில் வைத்தேன். ஒரே துணியில் இரண்டு நூல் கலந்ததுபோல, வெளியே முஸ்லிமாகவும் வீட்டுக்குள் கிறித்தவராகவும் வாழ்ந்து, ஆளுக்கு இரண்டு பெயர் வைத்துக்கொண்டவர்கள்.

ஆண்ட்ரியாஸ் அங்கிள் எழுந்தார்.

"தூக்கிலிட்டதை மறைத்துவிடுவீர்கள் என்று நினைத்துத்தான் வந்தேன்," என்றார். "மறைக்கவில்லை. நன்றி."

எமினே ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பினார். "என் கொள்ளுத்தாத்தா லினன்-பருத்திதான். வெளியே யூசுப், வீட்டில் யோசேப்பு. எங்கள் வீட்டில் இதை வெளியே சொன்னதே இல்லை."

"எந்த ஊர்?"

ஆன்ட்டி சொன்னதும் அங்கிள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மலைக்கு மறுபக்கம்தான் அவருடைய அம்மாவின் ஊராம்.

நாங்கள் நாற்காலிகளை எடுத்துவைத்துவிட்டு வெளியே வந்தபோது, இருவரும் பார்க்கிங்கில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். யார் ஊரில் ஹலூமி சீஸ் நன்றாக இருக்கும் என்று! நிலா சிரித்த சிரிப்பைக் கேட்டிருந்தால் உனக்கு நெஞ்சு நிறைந்திருக்கும். நீ கண்ணை மூடிய பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இவர்களை ஒரே அறையில் உட்காரவைக்கத்தான் இந்தத் தலைப்பை எடுத்தாயா? கேட்கவேண்டும் என்று எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

வருகிற கோடையில் நிலாவை சைப்ரஸுக்குக் கூட்டிப்போகிறேன். தீவின் இரண்டு பக்கமும் நடப்போம். அவளைத் தனியாக விடமாட்டேன் அக்கா, நீ நிம்மதியாக இரு.

நிலாவுக்குச் சித்தி, உனக்கு என்றைக்கும் தங்கை,
கயல்