வாய் திறக்காத தெரு

மார்ச் 3, செவ்வாய்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலில் ஓய்வுபெற்ற தபால்காரர் நிற்கிறார். முகம் கொள்ளாத சிரிப்பு. கையில் எங்கள் தெருச் சங்கத்தின் அலமாரிச் சாவி. அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கி மூடிவிட்டு, விறுவிறுவென்று போய்விட்டார். ஆண்டுக் கூட்டம் இன்றைக்கா? பல்வலியில் அடியோடு மறந்து தொலைத்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுப்பெட்டி எல்லாம் கிடையாது. ஆண்டுக் கூட்டத்துக்கு யார் வரவில்லையோ அவர்தான் தலைவர். அதனால் காய்ச்சல்காரர்கூடப் போர்வையோடு வந்து உட்கார்ந்துவிடுவார். ஆள் குறையாமல் கூட்டம் நடத்தும் சங்கம் என்று நகரசபையில் எங்களுக்கு நல்ல பெயர் வேறு. போன வருடம் தபால்காரர் மகள் கல்யாண வேலையாக வெளியூர் போய் மாட்டினார். இந்த வருடம் நான்.

முடியாது என்று சொல்லலாமே என்று செயலாளருக்கு, அதாவது பெயிண்ட் கடை அண்ணனுக்கு, போன் போட்டேன். வாயில் பஞ்சு. "ம்ம்ம்" என்றுதான் வந்தது. சம்மதம் என்று எழுதிக்கொண்டாராம்.

இவர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். கட்டின புருஷனே இப்படி என்றால் ஊரைச் சொல்லி என்ன பயன்.

மார்ச் 5, வியாழன்

கன்னம் பன் மாதிரி வீங்கியிருக்கிறது. என் மருந்துக்கடைக்கு வந்த அத்தனை பேரும் தெருவிளக்கைப் பற்றிக் கேட்டார்கள். பல்லைப் பற்றி ஒரு ஜீவன் கேட்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

மருந்துக்கடைக்காரியைத் தலைவியாக்கியது எவ்வளவு வசதி என்று தெருவுக்கு இப்போதுதான் புரிந்திருக்கிறது. மாத்திரை வாங்குகிற சாக்கில் புகாரையும் இறக்கிவிடலாம். சாக்கடை நாறுகிறது, அப்படியே ஒரு இருமல் மருந்து. மாடிக் குழாய் ஒழுகுகிறது, மூக்கும் ஒழுகுகிறது. இரண்டுக்கும் நான்தான் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும்.

இதைக் கூட்டத்தில் சொல்லக் கூடாதா என்று கேட்டால் பாக்கியைக்கூட வாங்காமல் படி இறங்கிவிடுகிறார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் சங்கத்தில் இன்னொரு வழக்கம்: கூட்டத்தில் எதை யார் எடுத்துப் பேசுகிறாரோ, அந்த வேலை அவர் தலையில். முன்பு ஒரு தடவை பெயிண்ட் கடை அண்ணன் எழுந்து சாக்கடையைத் தூர் வார வேண்டும் என்றார். மறுநாள் முழங்கால் வரை உள்ளே நின்றார், கையில் மண்வெட்டி. அன்றைக்கு மூடிய வாய்கள்தான். வராவிட்டால் தலைவர், வந்து பேசினால் வேலையாள். ஆகவே எல்லோரும் வருவார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள். இந்தக் கூட்டத்துக்கு நான் தலைவி. என் தலையெழுத்து.

மார்ச் 24, செவ்வாய்

கால்வாய் நடைபாலத்தில் நகரசபை ஆட்கள் அறிவிப்பு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். துருப்பிடித்துவிட்டது, பாதுகாப்பில்லை, இடித்து அகற்றப் போகிறார்களாம். ஆட்சேபணை உள்ளவர்கள் ஏப்ரல் 11 அன்று சங்கக் கூடத்தில் பொறியாளரிடம் நேரில் சொல்லலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பஸ் நிறுத்தம். இந்தப் பக்கம் படி இறங்கினதும் முதல் கடை என்னுடையது. டாக்டர் சீட்டு எழுதுவார், நோயாளி பாலம் ஏறி இறங்குவார், எதிரே நான் நிற்பேன். இத்தனை வருடப் பிழைப்பும் அந்தப் பாலம் போட்ட சோறு. அது இல்லையென்றால் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். வழியில் பளபளவென்று மூன்று மருந்துக்கடைகள். அதையெல்லாம் தாண்டி என் மூஞ்சியைப் பார்க்க எவன் வருவான்? கடை இருப்பது நகரசபை இடத்தில். குத்தகை இன்னும் பல வருடம் பாக்கி இருக்கிறது, நானாகச் சம்மதிக்காமல் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. இருந்து என்ன, ஈ ஓட்டலாம்.

என் நாத்தனார், இவருடைய அக்கா, குடியிருப்பதும் அக்கரையில்தான். தினமும் பாலம் ஏறி வந்து, என் சமையலில் உப்புப் பார்த்து, குறை சொல்லிவிட்டுப் போவார். பாலம் போனால் அதுவாவது குறையுமே என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரே ஒரு நிமிடம்தான்.

மார்ச் 27, வெள்ளி

பெயிண்ட் கடை அண்ணன் நாலு பேர் முன்னால் சொன்னாராம்: "தலைவியம்மாவுக்குப் பாலத்து மேல திடீர்னு பாசம் பொங்குது. கடை அங்கதானே இருக்கு."

சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பாதி உண்மையாக இருப்பதுதான் கஷ்டம்.

சரி. கூட்டத்தில் நான் வாயே திறக்கப் போவதில்லை. தெருவே பேசட்டும். பிள்ளை குட்டி உள்ளவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாலம் வேண்டும்தானே.

ஏப்ரல் 11, சனி

ஐயோ. ஐயோ.

கூடம் நிரம்பி வழிந்தது. வாசல்படியில்கூட இடமில்லை. பொறியாளர் இளவயசுக்காரர், இஸ்திரி கலையாத சட்டை, கூட்டத்தைப் பார்த்ததும் மிரண்டு போனார். ரகளை நடக்கப் போகிறது என்று நினைத்திருப்பார். தண்ணீர் குடித்துவிட்டு, பாலத்தை இடிப்பதில் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

திரும்பக் கேட்டார். பின் வரிசையில் ஒருவர் இருமினார். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அவர் பயந்து, வெறும் இருமல்தான் என்று கையைக் காட்டினார். ஆட்சேபணை சொன்னால் பாலம் கட்டுகிற வேலையே தன் தலையில் விழும் என்று ஒவ்வொருத்தரும் நினைத்திருக்கிறார்கள். தபால்காரர் கூரையை ஆராய்ந்தார். அண்ணன் செருப்பை ஆராய்ந்தார்.

நானும்தான் பேசவில்லை. மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி.

பொறியாளர் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக்கொண்டு, இவ்வளவு ஒழுங்கான மக்களை எங்கேயும் பார்த்ததில்லை என்று பாராட்டிவிட்டுப் போனார். கை தட்டினார்கள். கை தட்டினாங்க! பாலத்தைக் காவு கொடுத்துட்டு கை தட்டுது இந்தத் தெரு. இதுங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? என்னை வெச்சுக்கிட்டு இதுங்கதான் என்ன பண்ணும்?

ஏப்ரல் 12, ஞாயிறு

காலையிலிருந்து கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: ஏன் நேற்று ஒருத்தருமே பேசவில்லை?

ஏப்ரல் 15, புதன்

நாத்தனார் வந்தார். உப்புப் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து நின்றார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"கடைக்காகப் பேசுறான்னு நாலு பேர் சொல்லிடுவாங்கன்னுதானே சும்மா இருந்தே? சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. அக்கரையில இருக்கிற நாங்க உன் தெருக் கூட்டத்துல பேச முடியாது. உனக்கு உன் மானம் பெருசாப் போச்சு, நாங்க எப்படி வர்றது போறது?"

இவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கூடப்பிறந்த அக்கா என்றால் இவருக்கு இன்னும் பயம்.

நாத்தனார் போன பிறகு அழுதேன். அவர் சொன்னது சரி என்பதால் வந்த அழுகை.

ஏப்ரல் 22, புதன்

நகரசபைக்குப் போனேன். பொறியாளர் நல்ல மாதிரி. ஆட்சேபணையே இல்லாத விஷயத்துக்கு இரண்டாம் கூட்டம் எதற்கு என்று குழம்பினார். எங்கள் தெருக்காரர்களுக்கு யோசித்துப் பேசக் கொஞ்சம் நாள் பிடிக்கும் என்றேன். மே 9 கொடுத்திருக்கிறார். அதுதான் கடைசியாம்.

மே 7, வியாழன்

கெஞ்சியாயிற்று. மிரட்டியாயிற்று. எல்லோரும் தலையாட்டுகிறார்கள், "யாராவது பேசட்டும், பின்னாடியே நான்" என்கிறார்கள். தெரு முழுக்கப் பின்னாடி நிற்கத் தயார். ஒரு யோசனை இருக்கிறது. இவரிடம்கூடச் சொல்லவில்லை.

மே 9, சனி

வரிசையாக எழுதுகிறேன்.

பொறியாளர் வருவதற்கு முன்னால் எழுந்து நின்றேன். தலைவி என்ற முறையில் இன்றைக்கு ஒரே ஒரு மாற்றம் என்றேன். பேசுகிறவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பேசாமல் இருக்கிறவர்தான் அடுத்த தலைவர். சொல்லிவிட்டு அலமாரிச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தேன்.

சாவியைப் பார்த்ததும் கூடம் முழுக்கத் தொண்டையைச் செருமிக்கொண்டது.

பாவம் பொறியாளர், உட்காரக்கூட விடவில்லை. தபால்காரர் ஆரம்பித்தார். மழையில் தபால் பையோடு அந்தப் பாலம் ஏறிய கதையை நிறுத்தவே இல்லை, பின்னால் இருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மூலை வீட்டுப் பெண் வலி எடுத்து அந்தப் பாலத்தில் ஓடிப்போய்ப் பெற்ற கதையைச் சொல்லி அழுதாள். அன்றைக்குப் பிறந்த கதாநாயகன் பக்கத்தில் அரும்பு மீசையோடு உட்கார்ந்திருந்தான், வெட்கத்தில் தலையே நிமிரவில்லை. காது கேட்காத ஒரு தாத்தா, என்ன விஷயம் என்றே தெரியாமல், மின்கட்டணத்தைக் கிழி கிழி என்று கிழித்தார். அவரும் பேசினவர்தான், விட்டுவிட்டோம்.

பெயிண்ட் கடை அண்ணன்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். பாலத்துக்குக் கடைசியாக வர்ணம் அடித்தது அவராம். எத்தனை பூச்சு, எந்தக் கைப்பிடியில் எப்படித் துரு ஏறும், எல்லாம் சொன்னார். கொட்டாவி விட ஆரம்பித்தோம். அப்புறம் திடீரென்று குரல் உடைந்தது.

"எங்கம்மாவை ராத்திரியில நான் தூக்கிட்டு ஓடினதும் அதுலதான் சார். சுத்தி வந்திருந்தா வழியிலயே போயிருப்பாங்க. அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாங்க."

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்துக் கடை.

பொறியாளர் பேனாவை மூடிவைத்தார். இவ்வளவு வேண்டும் என்றால் இடிக்க வேண்டாம், பலப்படுத்தலாம் என்றார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்து மீதியைச் சொன்னார். இந்தப் பக்கம் புதிதாகத் தூண் இறக்க வேண்டும், படியை எடுத்துவிட்டுச் சரிவாக அகலமாக்க வேண்டும். அதற்கு அந்த மருந்துக்கடை இருக்கிற இடம் முழுக்க வேண்டும். குத்தகைக்காரர் சம்மதித்தால் உண்டு, இல்லையென்றால் பாலமே இல்லை.

கூடம் பழையபடி அமைதியானது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை.

"எடுத்துக்கோங்க," என்றேன்.

மே 10, ஞாயிறு

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏண்டி சொன்னே? யாரைக் கேட்டுச் சொன்னே?

பெருந்தன்மை என்று தெரு பேசிக்கொள்கிறது. எனக்கல்லவா தெரியும். அண்ணன் வாயை அடைக்க வேண்டும் என்ற வீம்பு பாதி. மீதி அந்த அம்மாவும் மூலை வீட்டுப் பெண்ணும். எது எவ்வளவு என்று பிரிக்கத் தெரியவில்லை.

இவர் காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. மத்தியானம் பார்த்தால் டேப்பை வைத்து எங்கள் வீட்டு முன்னறையை அளந்துகொண்டிருக்கிறார். சோபாவை வெளியே போட்டால் மருந்து அலமாரி இரண்டு நிற்குமாம். சோபா இவருக்கு உயிர். பக்கத்தில் போய் நின்று டேப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 2, செவ்வாய்

கடை வீட்டுக்கு வந்தது. தெருவே வந்து தூக்கிற்று. சளி மருந்தும் பேதி மருந்தும் ஒரே கூடையில். பிரித்து வைக்க ஒரு வாரம் ஆகும்.

பெயிண்ட் கடை அண்ணன் முன்னறைக்கு வர்ணம் அடித்துக் கொடுத்தார். யாரும் வாங்காமல் கிடந்த பச்சை. கண் கூசுகிறது. தூரிகையைத் துடைத்துக்கொண்டே, சுவரைப் பார்த்து, தான் அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். நானும் சுவரைப் பார்த்து, விடுங்க அண்ணே என்றேன். இன்னும் கொஞ்சம் வெளிறின பச்சையாக இருந்திருந்தால் முழு மனசோடு மன்னித்திருப்பேன்.

ஆகஸ்ட் 19, புதன்

வியாபாரம் மந்தம். தெருக்காரர்கள் விசுவாசமாக வருகிறார்கள், ஆனால் அவர்களுக்கு எத்தனை தடவைதான் தலை வலிக்கும்? ஆஸ்பத்திரிச் சீட்டுகள் பெரிய ரோட்டிலேயே தங்கிவிடுகின்றன. பாலம் திறந்தாலும் தெருவுக்குள் இவ்வளவு தூரம் தேடி வருவார்களா, தெரியவில்லை. மாத்திரை வாங்க வருகிறவர்களுக்கு இவர் வைத்தியம் சொல்லி அனுப்புகிறார். போகிறவர்கள் மாத்திரை வாங்க மறந்துவிடுகிறார்கள்.

பால வேலைக்காக வழியை மூடியிருக்கிறார்கள், நாத்தனார் அப்படியும் தினமும் வருகிறார். பஸ் மாறி வருகிறார். உப்பு இன்று கொஞ்சம் தூக்கலாம்.

நவம்பர் 6, வெள்ளி

பாலம் திறந்துவிட்டார்கள். காலையில் கடையை விட்டுப் போக முடியவில்லை. மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் இவர்தான் முன்னறைக் கதவைச் சாத்திவிட்டு, வா போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார்.

நல்ல அகலம். நாலு பேர் தோளோடு தோள் போகலாம். படியே இல்லை, வழவழவென்று சரிவு. பள்ளிக்கூடம் விட்ட கூட்டம் வந்துகொண்டிருந்தது. யாரும் யாருக்கும் ஒதுங்க வேண்டியிருக்கவில்லை. மூலை வீட்டுப் பெண் எதிரே வந்து கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

இறங்குகிற இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கேதான் மேசை. இங்கே மருந்து அலமாரி. நான் நிற்கிற இடம் இது, சரியாக இதுவேதான். போய்விட்டதே என்று இருந்தது, ஒளிப்பானேன். இவர் கொஞ்சம் தள்ளி நின்று தண்ணீரைப் பார்க்கிற மாதிரி பாவனை பண்ணினார்.

அக்கரையிலிருந்து ஒரு பெண் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வேகமாக வந்தாள். புது முகம். கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. சரிவில் வண்டி இழுத்துக்கொண்டு வந்தது.

"அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வழியில நிக்கிறீங்க," என்றாள்.

தள்ளி நின்றேன். அவள் நிற்காமல் போய்விட்டாள்.