பதினொரு பக்க நியாயம்

திருவண்ணாமலை,
ஐப்பசி மாதம்.

என் பிரியத்துக்குரிய மாமாவுக்கு,

அறிக்கை வந்துவிட்டது. இரண்டு வாரத்துக்கு முன்னால் வேலூரில், விசாரணை அதிகாரியின் கையெழுத்துள்ள மூலப்பிரதியையே பார்த்தேன். காட்டியவர் ஓர் எழுத்தர். தன் பெயர் வேண்டாம் என்றார். மொத்தம் பதினொரு பக்கம். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி இது: 'துப்பாக்கிச் சூடு நியாயமானதே.'

நீங்கள் ஏழாவது பக்கத்தில் வருகிறீர்கள். உங்கள் பெயர் இல்லை. 'இரும்பு ஆயுதத்துடன் காவலர்களைத் தாக்க முன்னேறிய நபர்' என்று இருக்கிறது. அந்த ஆயுதம் கிணற்றுக்குள் குழாயின் அடியில் மாட்டுகிற ஃபுட்வால்வு. அன்று காலை டவுனுக்கு வந்து அதற்குப் புது வாஷர் போட்டு வாங்கிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினீர்கள். கரண்டுக் கட்டணத்தை ஏற்றியதற்காக விவசாயிகள் வழியில் மறியல் செய்துகொண்டிருந்தார்கள். பஸ் நின்றது. ஃபுட்வால்வைக் கையில் தூக்கிக்கொண்டு இறங்கினீர்கள்.

பிரேதப் பரிசோதனைச் சான்றிதழையும் அந்த அறிக்கையோடு இணைத்திருக்கிறார்கள். குண்டு முதுகில் நுழைந்தது என்கிறது அது. முதுகைக் காட்டிக்கொண்டே முன்னேறித் தாக்கிய ஒரு மனிதரை அந்த அதிகாரி கண்டுபிடித்திருக்கிறார். தன் அறிக்கையோடு இணைத்ததைத் தானே படிக்காதவரா அவர், படித்தும் கூசாதவரா?

நீங்கள் கோஷம் போடவில்லை என்று நான் எழுதப்போவதில்லை. பத்து நிமிஷம் அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் கத்தினீர்கள் என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். கத்தியிருப்பீர்கள்; உங்களுக்கும் மோட்டார் இருக்கிறதே. கல் பறந்ததும் உண்மைதான். ஒரு காவலருக்கு நெற்றியில் மூன்று தையல். அவரையும் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். கல் எறிந்தது யார் என்று அவருக்குத் தெரியவில்லை. நீங்கள் இல்லை என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதை எழுதிக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சூடு முடிந்து அரை மணி நேரம் கழித்து, ஒரு மணல் லாரியில் தொற்றிக்கொண்டு நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். ரோடு முழுக்கச் செருப்புகள். காவலர்கள் குனிந்து, அவற்றைப் புரட்டிப் புரட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். தவறவிட்டவர்களுக்கு எடுத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன் மாமா. இத்தனை வருஷம் பத்திரிகையில் இருந்தும் அவ்வளவு அப்பாவியாக இருந்திருக்கிறேன். சுட்ட ஒவ்வொரு தோட்டாவின் காலிக் கூட்டையும் அவர்கள் திருப்பி ஒப்படைக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேலே விளக்கம் கேட்பார்கள்.

ஒன்று குறைந்தது. புளியமரத்தடியில் குப்புறக் கிடந்த ஒருவரின் அடியில் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பேர் அவரைப் புரட்டினார்கள். "இங்கயும் இல்ல சார்" என்றான் ஒருவன். அப்போதுதான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

செத்தவருக்காக ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. காலிக் கூட்டுக்குக் கேட்பார்கள் என்ற பயம் மட்டும் அவர்களுக்கு இருந்தது.

துப்பாக்கியே கூடாது என்று பேசுகிறவன் இல்லை நான். அடி அண்ணாமலையில் வெறிநாய் ஒன்று மூன்று குழந்தைகளைக் கடித்த நாளை நினைத்துப் பாருங்கள். நாம் இருவரும் அங்கேதான் இருந்தோம். பன்றி விரட்ட லைசென்ஸ் வாங்கியிருந்த ஒரு பெரியவர் வந்து சுட்டார். நாய் விழுந்தது. அவர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு, போய் வாந்தி எடுத்தார். அன்று அது சரியா தப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை. நியாயமான சூட்டுக்குப் பதினொரு பக்கம் தேவைப்படுவதில்லை.

உங்களிடமும் ஒரு கணக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. போன வருஷம் வேறோர் ஊரில் சூடு நடந்து, நான் எழுதிய செய்தியை உங்கள் வீட்டில் படித்துக் காட்டினேன். "சும்மா சுடுவானா மச்சான்? சர்க்கார் துப்பாக்கி. அவனுங்க இன்னா பண்ணானுங்களோ" என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பேச எனக்கு என்ன யோக்கியதை? போலீஸார் வேறு வழியின்றிச் சுட்டனர் என்று போனில் சொன்னார்கள். இருந்த இடத்தை விட்டு நகராமல் அதை அப்படியே எழுதி அனுப்பியவன் நான்தான். அதே வாக்கியத்தை எத்தனை தடவை எழுதியிருப்பேன்!

போன வாரம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உங்கள் பேச்சு வந்தது. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "உங்க மாமா நல்ல மனுஷன்தான். ஆனா இன்னா பண்ணாரோ, யாரு கண்டா" என்றார். உங்கள் வார்த்தை ஊரைச் சுற்றி உங்களிடமே திரும்பிவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு வந்தேன்.

விசாரணையின்போது அக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மறியல் நடந்த இடத்துக்கு அவர் ஒரு தடவைகூடப் போகவில்லை. வெயில் ஜாஸ்தியாம். அக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி: உன் புருஷன் கோபக்காரனா?

"கோவம் வராத ஆம்பள எங்க சார் கீறான்? கோவம் வந்தா முதுவுல சுடுவீங்களா?" என்றாள் அக்கா.

'சாட்சி சம்பந்தமில்லாமல் பதில் கூறினார்' என்று நான்காவது பக்கத்தில் பதிவாகியிருக்கிறது. பதினொரு பக்கத்திலும் சம்பந்தத்தோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மோட்டார் ஓடவில்லை; ஃபுட்வால்வை ஆயுதம் என்று போலீஸார் எடுத்து வைத்திருக்கிறார்கள். வேறு ஃபுட்வால்வு வாங்கித் தருகிறேன் என்றால் அக்கா கேட்பதில்லை. "அவரு எடுத்துனு வந்ததுதான் மாட்டணும். அது ஆயுதம் இல்லனு அவனுங்க வாயால சொல்லிக் குடுக்கணும்" என்கிறாள். மணிலாக் கொல்லையில் வேர்க்கடலைச் செடி காய்கிறது. அவள் அசையவில்லை.

மேல்மனு கொடுத்திருக்கிறோம். ஏழாவது பக்கத்து வரியை அடிக்க வேண்டும், ஃபுட்வால்வைத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நிலுவையில் இருக்கின்றன. தீபத்துக்கு எல்லாரும் பந்தோபஸ்துக்குப் போய்விடுவார்களாம். தீபம் முடிந்து வருகிற திங்கட்கிழமை காலை வேலூருக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று நானும் போகிறேன் மாமா, நோட்டுப் புத்தகம் இல்லாமல், சாட்சியாக. சூட்டைக் கண்ணால் பார்க்காதவன் எப்படிச் சாட்சி என்று கேட்பார்கள். உங்களை எதற்காகப் புரட்டினார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதை இதுவரை அக்காவிடம் சொல்லவில்லை. இந்தக் கடிதம் என் பத்திரிகையில் அச்சாகி யாராவது அவளுக்குப் படித்துக் காட்டுவதற்கு முன்னால், நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் நானே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் மச்சான் என்று கூப்பிட்டவன்,
அஞ்சலையின் தம்பி.