காரை எடுக்கவேண்டாம்

நிரோ,

காரை எடுக்கவேண்டாம். ஜாக்கியிலை நிக்குது, கார்த் திறப்பு என்ரை பொக்கற்றிலை. உம்மையும் என்ரை அம்மாவையும் அளவெட்டிக் கலியாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஜெயதீபன் அண்ணையின்ரை ஓட்டோ வரும். புட்டு மூடி வைச்சிருக்கு.

கலியாண வீட்டிலை எல்லாரும் பார்க்கட்டும் எண்டு, கார்ச் சில்லை வெளியாலை தள்ளிக் காட்ட உள்ளுக்கு ஸ்பேசர் வளையம் போட்டனான் எல்லே. அந்தத் தடிப்புக்குப் பழைய போல்ட் நீளம் காணாது. நட்டு நுனியிலைதான் பிடிச்சிருக்கு. இண்டைக்கு விடியப் பார்த்தா, முன்சில்லிலை ரெண்டு நட்டு கையாலையே கழண்டுது.

"ஸ்டியரிங் உதறுதப்பா, ஒருக்காப் பாருங்கோ" எண்டு போன கிழமை சொன்னனீர். உமக்குக் கார் ஓடத் தெரியாதெண்டு அம்மாவுக்கு முன்னாலை ஏசினனான். பிறகு கண்ணூறாக்கும் எண்டு காருக்கு முன்னாலை தேசிக்காய் கட்டினன். சில்லைத் தொட்டும் பார்க்கேல்லை. அந்தக் காரிலைதான் நீர் கிழமை முழுக்கப் பிள்ளையை ரியூசனுக்கு ஏத்திக்கொண்டு போனனீர்.

வளையம் எல்லாத்தையும் கழட்டிப்போட்டன். புது நட்டு வாங்க சைக்கிளிலை ரவுணுக்குப் போறன்.

சுஜீவன்

பிள்ளையைக் காருக்குக் கிட்ட விடாதையும்.

கார் ஏன் நிக்குதெண்டு அம்மா கேட்டா, நீர் ஒண்டும் சொல்லவேண்டாம். அவவுக்கு முன்னாலைதானே ஏசினனான். கலியாண வீடெண்டாலும் பரவாயில்லை, அங்கை வந்து, பிழை என்ரையெண்டு அவவுக்கு முன்னாலையே சொல்லுறன்.