மூன்று வீட்டு டயர்கள்

தோர்னா,
புனித நிக்கொலாய் திருநாள் முடிந்த வியாழக்கிழமை

அன்பு மகன் நெலுவுக்கு,

நீயும் ரோடிகாவும் குட்டி இலிங்காவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தேவமாதா துணையிருப்பாள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான் சரியில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய், குழந்தை நடுவில் பாட்டுப் பாடுவாள், நீ சிரிப்பாய், நான் அழுவேன், சொல்ல வந்தது நடுவிலேயே நின்றுபோகும். அதனால்தான் சனிக்கிழமை சிசிலிக்குக் கிளம்பும் டோருவின் வேனில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே சுட்ட கத்தரிக்காய்த் தொக்கு ஜாடிகளும், ரோடிகாவுக்குக் கம்பளிக் காலுறையும் வரும். டயர் வராது. டோருவிடம் போய் டயர் எங்கே என்று சண்டை போடாதே, அவன்மேல் தப்பில்லை.

உன் அப்பா இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கம்பு ஊன்றி மாட்டுத்தொழுவம் வரைக்கும் போகிறார், திரும்பி வரும்போதுதான் வாயில் கெட்ட வார்த்தையாக வருகிறது. வேனில் இரண்டு நாள் உட்கார்ந்து வர அவரால் முடியாது, அவரையும் மாட்டையும் விறகையும் விட்டுவிட்டு நான் வர முடியாது, அது உனக்கே தெரியும். இலிங்காவுக்கென்று ஒரு பனிச்சறுக்கு வண்டி செய்து சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறார். போன தடவை நீங்கள் வந்தபோது மடியில் கிடந்த பிள்ளையை மனசில் வைத்துச் செய்திருக்கிறார் மனுஷன். நாலு வயசுப் பிள்ளையை இதில் மடித்துத்தான் வைக்க வேண்டும் என்றேன், அதற்கு என்னை முறைத்துவிட்டு மறுபடி பலகை அறுக்க உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு ஆசையோடு காத்திருக்கிற வீடு இது, நெலு. அதை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

அந்த டயர்கள் உனக்குத் தெரியாததில்லை. பனியே பார்க்காத தெற்கே இருக்கிற நீங்கள் வருஷத்துக்கு மூன்று வார லீவுக்காக ஆளுக்கு நாலு பனி டயர் வாங்குவது வீண் என்று மூன்று வீடும் சேர்ந்து ஒரு செட் வாங்கினோம். அது பொருந்த வேண்டும் என்பதற்காகவே நீயும் பக்கத்து வீட்டு ஆர்த்திமோன் மகன் கீட்சாவும் மூன்றாவது வீட்டு வர்வாராவின் மகனும் ஒரே மாதிரி கார் வாங்கினீர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று குளிர்காலத்துக்கு ஒரு தடவை என்று முறை வைத்தோம், வேனில் அனுப்புவது, போட்டுக்கொண்டு வருவது, திரும்பிப் போனதும் வேனிலேயே அனுப்பிவிடுவது. ஊரே மெச்சிய ஏற்பாடு. போன வருஷம் கீட்சா வந்தான், இந்த வருஷம் நம் முறை. ஆர்த்திமோன் அதைத் தன் வீட்டில் இறைச்சிக்குப் புகைபோடும் கொட்டகையின் பரணில் வைத்து, இரும்பு அடுப்புக்குப் பூசுகிற கறுப்பைத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார், கோயிலுக்கு மட்டும் போடுகிற பூட்ஸ் மாதிரி. போன வாரம் அவர் நம் முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து போட்டார், உன் அப்பா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருடி, பட்டன் ஒண்ணுகூடத் தேயல, புதுசு கெட்டது போ" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். ஒவ்வொரு டயரையும் தொட்டுப் பார்த்தேன், இதுதானே என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போகிறது என்று.

அந்தச் சந்தோஷத்தில்தான் நம் கடையில் வாயை விட்டேன். பனி தள்ளும் வண்டி ஓட்டுகிற சஹாரியா சிகரெட் வாங்க வந்திருந்தான். என் மகன் வருகிறான், மூன்று வீட்டு டயரில் வருகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் பாக்கெட்டைப் பிரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அப்புறம், "அக்கா, நான் சொன்னேன்னு ஆர்த்திமோன்கிட்ட சொல்லிடாதீங்க. போன வருஷம் கணவாயில கடைசி வளைவுல கீட்சா காரை நான்தான் கயிறு கட்டி மேல இழுத்தேன். அதே டயர்தான். சுத்திக்கிட்டுப் போய் கல்லுல மோதி நின்னுச்சு, கல்லு இல்லேன்னா கீழ ஆத்துலதான்" என்றான். கீட்சா பெண்டாட்டி கோயில் படியில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு உடைந்தது என்று ஊரெல்லாம் சொன்னார்களே, நானும் கோழி சூப் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேனே, அது படியில் உடைந்தது இல்லை. அப்போதே கடையைப் பூட்டிவிட்டு அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

மண்ணெண்ணெய்த் துணி வைத்து அந்தக் கறுப்பைத் துடைத்தோம். உள்ளே பூராவும் வெடிப்பு, வறண்ட குளத்து மண் மாதிரி. சஹாரியா டயர் ஓரத்தில் நாலு எண் காட்டினான், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று அதில் இருக்குமாம். நீ பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த வருஷம் அது! ஜெர்மனியிலிருந்து பழசாக வந்ததை வாங்கும்போது நாம் பட்டனை மட்டும்தான் பார்த்தோம், வயசைப் பார்க்கவில்லை. "ஓடி ஓடித் தேஞ்சாத்தான் போச்சுன்னு நெனைக்கிறீங்க, சும்மா கெடந்தாலும் ரப்பர் கெட்டிப்படும் அக்கா, அதுவும் புகைக்கொட்டகைச் சூட்டுல. இது இப்ப மரக்கட்டை, பனியில பிடிக்காது" என்றான். பத்திரமாக வைக்கிறோம் பத்திரமாக வைக்கிறோம் என்று நாங்களே அதைக் கொன்று வைத்திருக்கிறோம்.

உன் அப்பா அந்த எண்ணைத் தானும் ஒரு தடவை வாசித்துப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "மெதுவா ஓட்டிட்டு வரச் சொல்லுவோமே சவேத்தா, அவன் நல்லா ஓட்டுவான்" என்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் பயமாகிவிட்டது எனக்கு. இந்த டயர் இந்த வீட்டில் கிடந்தால் நாளைக்கு நானே மனசு மாறி வேனில் ஏற்றிவிடுவேன். பன்றி அறுக்கிற கத்தியை எடுத்துக்கொண்டு போய் ஓரத்தில் குத்தினேன். ஓரம் மெல்லிசுதான், ஆனாலும் என் கையில் பலமில்லை, இரண்டாவதில் கத்தி சறுக்கியது. அப்பா கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து டயரைப் பிடித்துக்கொண்டார். நாலையும் கிழித்தோம்.

சத்தம் கேட்டு ஆர்த்திமோன் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். "ஏம்மா, உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? இது மூணு வீட்டுச் சொத்து!" என்று கத்தினார். "உன் மருமக தோள் எலும்பு எந்த வீட்டுச் சொத்துய்யா?" என்று கேட்டேன். தெரிந்தும் என் பிள்ளைக்கு இதை அனுப்பப் பார்த்தாயே, உன் வாயில் புழு விழ, என்று இன்னும் என்னென்னவோ கத்தினேன், நோன்பு நாளில் பேசக் கூடாததெல்லாம் பேசினேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சொன்னா தூக்கிப் போட்டுருவீங்க. இன்னொரு செட்டுக்கு யாருக்கு வக்கிருக்கு? அப்புறம் என் பேரனை நான் எப்பப் பாக்குறது?" என்றார். அவரை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை, ஆனால் அந்த ஆசை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஹோட்டல் நவம்பரில் மூடிவிட்டான், ஈஸ்டர் வரை சம்பளமில்லை, நாலு வாங்க முடியாது, ஆனால் இரண்டு பழசு வாங்கி முன்னால் மாட்டிக்கொண்டு வருகிறேன் என்பாய், வேனில் டயர் நேரத்துக்கு வராவிட்டால் என்று போன மாதமே பேச்சுவாக்கில் சொன்னாய். அதை மட்டும் செய்யவே செய்யாதே. முன் சக்கரம் பிடிக்கும், பின் சக்கரம் பிடிக்காது, வளைவில் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு வந்து முன்னால் நிற்கும் என்று சஹாரியா மேஜைமேல் தீப்பெட்டியை வைத்துச் செய்து காட்டினான். பின்பக்கம் யார் உட்கார்ந்திருப்பாள் என்று யோசி. ரோடிகா டயருக்குப் போடுகிற துணி உறை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று படம் அனுப்பியிருந்தாள். நல்ல பிள்ளைதான், ஆனால் பனியில்லாத ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினாலே அது கிழிந்துவிடுமாம், வழியெல்லாம் மாட்டிக் கழற்றி மாட்டிக் கழற்றி வருவாயா? ஸ்லோவேனியாவில் சாதா டயரோடு பிடித்தாலும் சக்கரத்துக்குக் கட்டுகிற பனிச் சங்கிலி டிக்கியில் இருந்தால் போலீஸ் விட்டுவிடுவான் என்கிறாய். அவன் விடுவான், நம் கணவாய் விடாது. இருக்கிற டயர் எப்படியும் இந்தக் கோடையோடு தேய்ந்துவிடும் என்றாயே, அப்போது திரும்பவும் கோடை டயர் வாங்காமல், வருஷம் பூராவும் ஓடுகிற டயராக, ஓரத்தில் மலையும் பனிப்பூவும் படம் போட்டதாக, நாலும் ஒரே மாதிரி வாங்கிப் போடு. வயசு எண்ணைப் பார்த்து வாங்கு. இரண்டு செட் வேண்டாம், அதுதான் சிக்கனம். நீ கோடையில் டிப்ஸ் காசை எடுத்து வை, நானும் கடையில் மாதாமாதம் எடுத்து வைக்கிறேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வா.

அடுத்த கிறிஸ்துமஸ் என்று எழுதிவிட்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கோடையில் உனக்கு லீவு கிடையாது, இலிங்காவின் காதுக்கு விமானம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு வருஷம் என்றால் அவளுக்கு ஐந்து முடிந்துவிடும், போனில் தெரிகிற கிழவி நிஜமாகவே இருக்கிறாள் என்று அவள் நம்புவாளோ மாட்டாளோ. ஆனாலும் உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்று ஆச்சரியப்படுத்துவது உன் பழக்கம். அதற்காகவே, நீ அப்படி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன் என்று இந்த இடத்தில் எழுதினேன், எழுதி அடித்துவிட்டேன், கறுப்பாக இருக்கிறதே அதுதான். பொய் எழுதி என்ன பயன்? நீ வந்தால் நான் திறப்பேன், செருப்புகூடப் போடாமல் பனியில் ஓடி வருவேன். நீ கிளம்பிவிட்டாய் என்று தெரிந்தும் கதவு தட்டப்படாமல் விடிந்தால், அதற்கு அப்புறம் இந்தக் கதவை நான் யாருக்குத் திறப்பேன்? உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், வராதே.

ரோடிகாவுக்கு என் அன்பு. குழந்தையின் காதுக்குக் கடற்காற்று படாமல் தொப்பி கட்டிவிடு, சொட்டு மருந்தை நிறுத்தாதே. ஜாடி மூடிகளைத் தூக்கிப் போடாமல் டோருவிடம் கொடுத்தனுப்பு. கிறிஸ்துமஸ் அன்று காலையில் கோயில் விட்டு வந்ததும் போன் செய், பின்னால் உன் வீட்டுச் சுவர் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு பேசு, அதைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. கடவுள் உங்கள் மூவரையும் இருக்கிற இடத்திலேயே பத்திரமாக வைக்கட்டும்.

உன்னைப் பார்க்க ஏங்கும்,
உன் அம்மா
சவேத்தா

அப்பாவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கி ரொம்ப நேரம் வைத்திருந்துவிட்டு, "வர வேண்டாம்னு நான் எப்படிடி எழுதுவேன், நீயே எழுதிடு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன்: வராதே.