மாமன் வெளியே, அத்தை உள்ளே

8 செப்டம்பர், செய்யூர்
யாராலும் நம்ப முடியாத ஒரு கதையை இன்று முதல் இந்த டைரியில் எழுதப்போகிறேன். சத்தியம். நாளைக்குப் படித்தால் நானே நம்ப மாட்டேன்.

அக்கா மகள் சியாமளா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். அக்கா உயிரோடு இல்லை. சியாமளாவுக்கு மாமியாரும் இல்லை. "வலி வந்தா என் கூட யாரு மாமா இருப்பாங்க?" என்று கேட்டாள். ஏழு சமுத்திரத்தையும் ஒரே மடக்கில் குடிக்கக்கூடிய நான், ஆளைத் தேடித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

11 செப்டம்பர்
கேளம்பாக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி மீது படையெடுத்தேன். அங்கே டூலா என்கிற பிரசவத் துணை வேலைக்கு ஒரு அம்மா. வலியில் கூடவே இருப்பார், பிறகு வீட்டுக்கும் வந்து பால் கொடுக்கப் பழக்குவாராம். அரசுக் காப்பீட்டு அட்டையைச் சக்கரவர்த்தியின் செப்பேடுபோல நீட்டினேன்.

"ஆபரேசன்னா வரும், கூட இருக்கறதெல்லாம் இதுல வராதுண்ணே" என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

கத்திக்கு இருக்கிற மரியாதை கைக்கு இல்லை.

12 செப்டம்பர்
தூக்கமில்லை. கொசு. கவலையெல்லாம் இல்லை, கொசுதான்.

19 செப்டம்பர்
செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரி. பிரசவ அறையில் துணைக்கு ஒருவர் இருக்கலாமாம், செலவே இல்லாமல்! இவளுக்குக் காது குத்த மடி கொடுத்தவன் நான், வளைகாப்புக்கு வளையல் வாங்கியவன் நான், ஆகவே அந்த ஒருவரும் நானே என்று நர்ஸிடம் வாதாடினேன்.

"பொம்பளதான் இருக்கணும் பெரியவரே. அதுவும் புள்ள பெத்தவங்க. நீங்க பெத்துகினீங்களா?"

என் மனைவி அம்சா சிரித்த சிரிப்பில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் ஆடியது. "நான் இருக்கேன்" என்றாள். இரண்டு பெற்றவள்தான். ஆனால் கோழி அறுத்தாலே கண்ணை மூடிக்கொள்பவளாயிற்றே?

2 அக்டோபர்
கிராம நர்ஸ் சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சியை இருவரும் பழகுகிறார்கள். விடுகிற மூச்சில் ஊர்ச் சவுக்குத் தோப்பே சாய்கிறது.

14 அக்டோபர்
வலி வந்துவிட்டது. அம்சா உள்ளே. மாப்பிள்ளை பார்த்திபனும் நானும் வெளியே. இன்னா ஆச்சின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்களே — அம்சா தாங்குவாளா — அவ கோழிக்கே —

15 அக்டோபர்
பெண் குழந்தை! மூன்று யானை எடை. என்னைப் பார்த்ததும் "நாஸ்தா ஆச்சா தாத்தா?" என்று விசாரித்தாள்.

அம்சா கண்ணை மூடவே இல்லையாம். வெளியே மயங்கி விழுந்தது மாப்பிள்ளை என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை நல்லவர், மறுக்கவில்லை.

2 நவம்பர்
அம்சா இன்னும் சியாமளா பக்கத்தில்தான் படுக்கிறாள். என் தோசையை நானே சுட்டுக்கொள்கிறேன். பிரசவத்தில் துணை நின்றவளுக்கு வளைகாப்பு வளையலைத் தருவது எங்கள் வழக்கம். இன்று சியாமளா அவற்றைக் கழற்றி அத்தை கையில் போட்டுவிட்டாள்.

இதுவரை எழுதியதில் சமுத்திரம், யானை, மாப்பிள்ளை மயக்கம் எல்லாம் தள்ளுபடி. வளையல் போடும்போது அவள் சொன்ன ஒரு வரி மட்டும் நிஜம்:

"அத்த என் கைய வுடவே இல்ல மாமா."